பத்து மணிக்குப் பால் ஏன் நிற்கிறது?



கடந்த பள்ளி விடுமுறையில் என் பழைய மாணவன் ஒருவனின் இல்லத்திற்குச் சென்றிருந்தேன். ஈப்போவுக்கு வெளியே, ஒரு காலத்தில் ரப்பர்த் தோட்டமாக இருந்து இன்று வீடமைப்புப் பகுதியாகிவிட்ட இடம். ஆறாண்டுகள் எங்கள் தமிழ்ப்பள்ளியில் படித்தவன். இப்பொழுது இடைநிலைப்பள்ளியில் நான்காம் படிவம், அறிவியல் பிரிவு. உயிரியலில் மதிப்பெண் சரிந்துவிட்டது, பாடத்தை விட்டுவிடலாமா என்று கேட்கிறான் என அவன் தாயார் தொலைபேசியில் வருந்தினார். அதனால்தான் போனேன்.

மேசைமேல் பாடநூல் திறந்தே கிடந்தது. மூன்றாம் அதிகாரம், உயிரணுச் சவ்வின் ஊடே பொருள்கள் நகரும் விதம். "ஓஸ்மோசிஸ் என்றால் என்ன தம்பி?" என்று கேட்டேன். மலாய்மொழியில் மூச்சுவிடாமல் ஒப்புவித்தான். ஒரு சொல்கூடப் பிசகவில்லை. "சரி, இதையே உன் சொந்தச் சொல்லில் தமிழில் சொல்" என்றேன். சற்று விழித்துவிட்டு, "தண்ணி உள்ளே போகும் சார்" என்றான்.

"ஏன் போகிறது?"

"செல்லுக்குத் தண்ணி தேவைப்படுது சார். அதான் போகுது."

பக்கத்தில் கீரை ஆய்ந்துகொண்டிருந்த அவன் பாட்டி முப்பதாண்டுகள் மரம் வெட்டியவர். அவர் பக்கம் திரும்பி, "பாட்டி, பால் எத்தனை மணிக்கு நிற்கும்?" என்று கேட்டேன். "வெயில் ஏறுனா நின்னுடும் சார். பத்து மணிக்கு மேல வெட்டுனா சொட்டுச் சொட்டாத்தான் வரும். அதுக்குத்தானே விடியக்காலம் நாலு மணிக்கே எழுந்து பெரட்டுக்கு ஓடுனோம்" என்றார், கீரையிலிருந்து கண்ணை எடுக்காமலே.

பேரனுக்கு வரையறை தெரியும். பாட்டிக்கு நேரம் தெரியும். இரண்டும் ஒரே செய்தியின் இரு பாதிகள் என்பது அந்த வீட்டில் எவருக்கும் தெரியாது. இதற்கு அவர்களைக் குறைசொல்ல மாட்டேன். அப்பையனுக்கு ஆறாண்டுகள் அறிவியல் கற்பித்தவர்களுள் நானும் ஒருவன். நான் சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை.

நம்மில் பலர் தோட்டத்துப் பிள்ளைகள். பால் மரத்தில் எங்கே இருக்கிறது என்று நம்மைக் கேட்டால் என்ன சொல்வோம்? "பட்டையில்" என்போம். அதற்குமேல்? பட்டையின் உட்புறத்தில், இலையில் உண்டான சர்க்கரை கீழிறங்கும் திசுவோடு சேர்ந்து, நுண்ணிய குழாய்கள் வளையம் வளையமாக அமைந்துள்ளன. இவை வெற்றுக் குழாய்கள் அல்ல. உயிரணுக்கள் வரிசையாக நின்று, இடைச்சுவர்கள் கரைந்து, ஒன்றோடொன்று கலந்து உருவானவை. எனவே பால் என்பது மரத்தின் கண்ணீரும் அன்று, குருதியும் அன்று. அது உயிரணுவின் உட்பொருளேதான். உளி படும்போது உயிருள்ள ஓர் அணுவின் வயிறு திறந்துகொள்கிறது. அக்குழாய்கள் மேலே செல்லச் செல்லச் சற்றே வலப்புறமாகச் சாய்வதால்தான், இடப்புறம் உயர்ந்தும் வலப்புறம் தாழ்ந்தும் வெட்டு போடப்படுகிறது. அப்படி வெட்டினால் அதிகக் குழாய்கள் அறுபடும். கங்காணி கோடு போட்டுக் காட்டிய சாய்வுக்குப் பின்னால் இத்தனை இருக்கிறது.

அந்தப் பாற்குழாய்க்குள் சர்க்கரை, உப்புகள், இன்னும் பல பொருள்கள் கரைந்துள்ளன. சுற்றியுள்ள சவ்வு நீரைப் போகவிடும். சர்க்கரையை அவ்வளவு எளிதில் விடாது. இரவில் இலைத்துளைகள் மூடிக்கொள்கின்றன. மரம் நீரை இழப்பது ஏறத்தாழ நின்றுபோக, வேர் ஏற்றும் நீர் மரமெங்கும் நிறைகிறது. கரைபொருள் மிகுந்த பாற்குழாய்க்குள் நீர் சவ்வைக் கடந்து நுழைகிறது. உள்ளே நுழைந்த நீருக்கு இடம் வேண்டுமே! குழாயின் சுவரோ அவ்வளவாக விரிந்துகொடுக்காது. ஆகவே அழுத்தம் ஏறுகிறது. எவ்வளவு? பட்டரி, போட்மன் என்னும் இரு ஆய்வாளர்கள் மிகச் சிறிய அழுத்தமானிகளைப் பட்டைக்குள் செலுத்தி அளந்து, 1964-இல் முடிவை வெளியிட்டார்கள். விடியற்காலையில் அது வளிமண்டல அழுத்தத்தைப்போல் ஏறத்தாழ 10 மடங்கும் அதற்கு மேலும் இருந்தது. நம் மகிழுந்துச் சக்கரத்தில் நாம் அடிக்கும் காற்று 2 மடங்கைச் சற்றே தாண்டும், அவ்வளவுதான். நான்கு மணி இருட்டில் தலைவிளக்கோடு நிரையில் நின்ற நம் தாய்மார்களின் முன்னே இருந்த மரம் அத்தனை அழுத்தத்தோடு நின்றது.

வெட்டியவுடன் அழுத்தம் வெளியே தள்ள, பால் பீறிட்டு வருகிறது. குழாயின் அழுத்தம் குறைந்ததும் பக்கத்து உயிரணுக்களிலிருந்து நீர் சவ்வைக் கடந்து உள்ளே விரைகிறது. அந்த நீர் மிச்சப் பாலையும் முன்னே தள்ளுகிறது. முதலில் வரும் பால் கெட்டியாகவும் பின்னே வருவது நீர்த்தும் இருப்பது இதனால்தான். 1932-லேயே ஃபிரை-விஸ்லிங் என்னும் சுவிட்சர்லாந்துத் தாவரவியலாளர் இதை ஆராய்ந்து எழுதினார். பிறகு பால் ஏன் நிற்கிறது? பாலுக்குள் லூட்டாய்டு எனப்படும் மிக நுண்ணிய பைகள் மிதக்கின்றன. அவற்றையும் மூடியிருப்பது சவ்வுதான். பாய்ச்சலின் உராய்விலும், பால் நீர்த்துப்போவதாலும் அப்பைகள் வெடிக்கின்றன. உள்ளிருந்த பொருள் பாலை உறையச் செய்து குழாயின் வாயை அடைக்கிறது. மரம் தன் காயத்தைத் தானே மூடிக்கொள்ளும் வழி இது.

இனிப் பாட்டியின் பத்து மணிக்கு வருவோம். வெயில் ஏறியதும் இலைத்துளைகள் திறந்து நீர் ஆவியாகிறது. இலை இழந்ததை ஈடுகட்டத் தண்டிலுள்ள நீர் மேலே இழுபடுகிறது. அந்த இழுவிசை பட்டையிலுள்ள நீரையும் விட்டுவைப்பதில்லை. பாற்குழாய்க்குள்ளிருந்து நீர் சவ்வைக் கடந்து வெளியேற, விடியலில் ஏறியிருந்த அழுத்தம் இறங்கிவிடுகிறது. அந்நேரத்தில் வெட்டினால் தள்ளுவதற்கு விசை இல்லை.

இப்பொழுது என் மாணவனின் விடையை மீண்டும் பாருங்கள். "தேவைப்படுவதால் நீர் உள்ளே போகிறது." நண்பகலில்தான் பாற்குழாய்க்கு நீர் மிகவும் தேவை. ஆனால் அப்பொழுதுதான் நீர் அதைவிட்டு வெளியேறுகிறது! தேவை என்பது நீருக்குத் தெரியாது. கரைபொருளின் செறிவும் அழுத்தமும் எந்தப் பக்கம் தள்ளுகின்றனவோ அந்தப் பக்கம் அது போகும். அதே சவ்வு, அதே நீர். திசைமட்டும் காலையில் ஒன்று, பகலில் ஒன்று. 'உயிரணு நீரை உறிஞ்சுகிறது' என்று நாமே வகுப்பில் சொல்லி விடுகிறோம். உறிஞ்சுவதற்கு அங்கே வாய் இல்லை. இச்சிறு சொல் பிழை பத்தாண்டுகள் கழித்துத் தேர்வுத்தாளில் வந்து நிற்கிறது.

சர்க்கரையின் கதை வேறு. வழிந்தோடிய பாலுக்கு ஈடாக மரம் புதிய ரப்பரை உண்டாக்கவேண்டும்; அதற்கு மூலப்பொருள் சர்க்கரை. அது நீரைப்போல் தானாக நுழைந்துவிடாது. பாற்குழாய் தன் ஆற்றலைச் செலவிட்டு ஹைட்ரஜன் அயனிகளை வெளியே தள்ளுகிறது. அவை திரும்ப உள்ளே வரும்போது சர்க்கரையையும் உடன் அழைத்து வருகின்றன. அதற்கென்றே சவ்வில் புரதக் கதவுகள் உண்டு. செலவு உள்ள வேலையாதலால் காலம் பிடிக்கும். ஒரு நாள் விட்டு ஒரு நாள் வெட்டும் வழக்கம் மரத்திற்கு அந்தக் காலத்தைத் தருகிறது.

தோட்டத்தில் இருந்தவர்களுக்கு 'மருந்து பூசுவது' நினைவிருக்கும். 1960-களின் இறுதியில் மலாயா ரப்பர் ஆய்வுக் கழகத்திலும் பிற நாடுகளிலும் ஆராய்ந்து புழக்கத்திற்கு வந்த எத்திஃபான் என்னும் பொருள் அது. பூசினால் பால் நெடுநேரம் ஒழுகும். காரணங்களுள் ஒன்றை 2009-இல் தாய்லாந்து, பிரெஞ்சு ஆய்வாளர்கள் காட்டினார்கள்: அம்மருந்து பாற்குழாயின் சவ்வில் நீர்க்கதவுகளைப் பெருக்குகிறது. அத்தகைய நீர்க்கதவு உயிர்களில் உண்டு என்பதையே உலகம் 1992-இல்தான் உறுதியாக அறிந்தது. அமெரிக்காவின் பீட்டர் ஆகரும் உடனிருந்தோரும் அக்கதவுக்கான குறிப்பைத் தவளை முட்டைகளில் ஏற்றி நீரில் இட்டார்கள். கதவில்லாத முட்டைகள் சும்மா கிடந்தன. கதவு பெற்ற முட்டைகள் உப்பி வெடித்தன. அதற்காக 2003-இல் வேதியியலுக்கான நோபெல் பரிசு ஆகருக்குப் பகிர்ந்தளிக்கப்பட்டது.

இவ்விடத்தில் ஒரு தன்னெச்சரிக்கை. இதையெல்லாம் சொன்னவுடன் மேடையேறி, "நம் பாட்டன் பாட்டி அன்றே அறிவியல் மேதைகள்" என்று முழங்கும் வழக்கம் நம்மிடையே உண்டு. அதில் எனக்கு உடன்பாடில்லை. பாட்டிக்கு 'எப்பொழுது' என்று தெரியும். 'ஏன்' என்று தெரியாது. நீர்க்கதவைப் பற்றி அவர் கேள்விப்பட்டதில்லை. அவருடைய அறிவு கூர்ந்த பார்வையாலும் பசியாலும் வந்தது. அது மதிப்புடையது, ஆனால் ஆய்வுக்கூடம் கண்டது வேறு. இரண்டையும் ஒன்றாக்கிப் பெருமை பேசினால் இரண்டையுமே பிள்ளைக்குச் சரியாகக் கொடுக்க மாட்டோம். பாட்டியின் பார்வையிலிருந்து கேள்வியைத் தொடங்கலாம்; விடையைப் பாடநூலில் தேடலாம். அவ்வளவே.

நான் இவற்றைப் பையனுக்கு விளக்கிக்கொண்டிருந்தபோது அவன் தாயார் குறுக்கிட்டார். "நாங்க அந்தக் காட்ட விட்டு வெளிய வந்ததே பெரிய பாடு சார். இவனுக்கும் அதே பால்மரக் கதையா?" சற்றுக் கோபமாகவே கேட்டார். எனக்கு உடனே விடை சொல்லத் தோன்றவில்லை. அவர் குரலில் இருந்தது நியாயம். மழை பெய்தால் வேலையில்லை, வேலையில்லையேல் கூலியில்லை என்றிருந்த வாழ்க்கை அது. காண்டா வாளி தோளை அறுத்த தழும்பு இன்னும் பலர் உடம்பில் இருக்கிறது. 1877-இல் கோலகங்சாரில் நடப்பட்ட 9 கன்றுகளைப் பற்றிப் பெருமையாக எழுதுகிறோம். அக்காலத்து மரம் ஒன்று இன்றும் அந்நகரில் பாதுகாக்கப்படுகிறது. அதைப் பார்க்கப் பிள்ளைகளைப் பேருந்தில் அழைத்துச் செல்கிறோம். அதன்பின் வந்த மரங்களின்கீழ்த் தேய்ந்தவர்களைப் பற்றி ஒரு சொல் சொல்லாமல் திரும்பிவிடுகிறோம். அம்மா கேட்டதில் இதுவும் அடங்கும்.

ஆயினும் என் கருத்து மாறவில்லை. அந்த மரத்தைப் பிழைப்புக்காகத் தொட்ட மூன்று தலைமுறைகள் அதன் பட்டைக்குள் நடப்பதை அறிய வாய்ப்பே பெறவில்லை. அழுத்தத்தை அளந்தவர்கள் அளந்தார்கள், வெட்டியவர்கள் வெட்டினார்கள். இப்பொழுது அதே மரத்தை உளியின்றி, கூலியின்றி, கங்காணியின்றி, அறிவினால்மட்டும் அணுகக்கூடிய பிள்ளை ஒருவன் அந்த வீட்டில் இருக்கிறான். அவனிடமிருந்து அதை ஏன் மறைக்கவேண்டும்?

பால்மரத்தையே பார்த்திராத பிள்ளைகள் பெருகிவிட்டனர் என்பதும் உண்மை. பேராக்கில் 130-க்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் இருந்தாலும், பெயரில் தோட்டம் இருக்கும் பலவற்றைச் சுற்றி இன்று செம்பனையோ வீடுகளோதான் உள்ளன. அவர்களுக்கு ஈப்போவின் தவுகே போதும். கொழுத்த தவுகேயைக் கடித்தால் நறுக்கென்று உடைகிறதே, அந்த நறுக்கு உயிரணுவின் நீரழுத்தம்தான். ஒரு பிடியை வெறும் நீரிலும் இன்னொரு பிடியை உப்புநீரிலும் அரைமணி நேரம் இட்டுப் பாருங்கள். உப்புநீரில் இட்டது துவண்டு நூலாகும். மாங்காய்த் துண்டில் உப்பைப் பிசறி வைத்தால் அடியில் நீர் ஊறி நிற்பதும், பாயசத்தில் உலர்ந்த திராட்சை உப்புவதும் இதே பாடம்.

தொடக்கப்பள்ளி அறிவியலில் உணவைக் கெடாமல் காப்பது பற்றிக் கற்பிக்கிறோம். உப்பிடுதல், சீனியில் ஊறவைத்தல் என்று பட்டியல் எழுதுகிறோம். 'நுண்ணுயிர்கள் வளர முடியாது' என்று முடிக்கிறோம். ஏன் முடியாது? உப்புச்செறிவு நுண்ணுயிரின் சவ்வின் ஊடே நீரை வெளியே இழுத்துவிடுகிறது என்னும் ஒரே வாக்கியத்தைச் சேர்த்துப் பாருங்கள். தேர்வில் கேட்கமாட்டார்கள் என்று சில ஆசிரியர்கள் சொல்வார்கள். கேட்கமாட்டார்கள்தான். ஆனால் அந்த வாக்கியத்தைப் பதினோரு வயதில் தமிழில் கேட்ட பிள்ளைக்குப் பதினாறு வயதில் மூன்றாம் அதிகாரம் அந்நியமாக இராது.

இன்னொரு சோதனையும் வகுப்பில் செய்வதுண்டு. கோழிமுட்டையைக் காடியில் ஓரிரு நாள் ஊறவைத்தால் ஓடு கரைந்து தோல்மட்டும் எஞ்சும். அதை நீரில் இட்டால் பெருக்கும். சீனிப்பாகில் இட்டால் சுருங்கும். முட்டைத்தோல் உயிரணுச் சவ்வு அன்று, ஓர் ஒப்புமைதான் என்பதைமட்டும் மறவாமல் சொல்லிவிடுங்கள்.

சவ்வுப் பாடம் மரத்தோடும் தவுகேயோடும் முடிந்துவிடவில்லை, பெற்றோர்களே. அது நம் உணவுமேசையிலும் அமர்ந்திருக்கிறது. 2019-ஆம் ஆண்டின் தேசிய உடல்நல ஆய்வின்படி, இந்நாட்டு இந்தியர்களில் வயதுவந்தோர் 100 பேரில் ஏறத்தாழ 31 பேருக்கு இனிப்புநீர் இருந்தது. இனிப்புநீர் என்பதென்ன? நம் தசை உயிரணுவின் சவ்வைச் சர்க்கரை தானாகக் கடக்க முடியாது. அதற்குரிய கதவுகள் அணுவின் உள்ளே சிறு பைகளில் ஒதுங்கியிருக்கும். இன்சுலின் வந்து தட்டினால் அவை மேலே வந்து சவ்வில் பொருந்தும். சர்க்கரை உள்ளே போகும். அந்தத் தட்டல் போதாமல் போனாலோ, அணு அதற்குச் செவிசாய்க்காவிட்டாலோ, சர்க்கரை குருதியிலேயே தேங்கும். மிகுந்த சர்க்கரை சிறுநீரில் இறங்கும்போது நீரையும் தன்னோடு இழுத்துப்போகும். அடிக்கடி சிறுநீர், ஓயாத தாகம். இங்கும் அதே சவ்வூடு பரவல்தான். தசை இயங்கும்போது இன்சுலின் அதிகமில்லாமலும் அக்கதவுகள் சவ்வுக்கு வருகின்றன. உணவுக்குப்பின் நடங்கள் என்று மருத்துவர் சொல்வதற்கு இது ஒரு காரணம். 'சீனியைக் குறை' என்று தாத்தாவை அதட்டும் பேரப்பிள்ளையைவிட, இந்தக் கதவுகளைப் படம் வரைந்து காட்டும் பேரப்பிள்ளையின் சொல்லுக்குத் தாத்தா செவிகொடுப்பார் என்று நினைக்கிறேன்.

மொழி பற்றிச் சிறிது. அறிவியலை எம்மொழியில் கற்பிப்பது என்பது இந்நாட்டில் அடிக்கடி மாறிவந்த ஒன்று. 2003-இல் ஆங்கிலத்திற்கு மாறியது. 2009-இல் அதைக் கைவிட முடிவு செய்தார்கள். 2016 முதல் சில பள்ளிகளில் இருமொழித் திட்டம் வந்தது. அந்த வழக்குக்குள் இன்று நுழையவில்லை. சொல் எதுவாயினும் பொருள் முதலில் வேரூன்றட்டும் என்பதே என் வேண்டுகோள். நாம் உயிரணு என்கிறோம். தமிழ்நாட்டார் செல் என்கின்றனர். இலங்கையார் கலம் என்கின்றனர். ஓஸ்மோசிஸ் தமிழ்நாட்டில் சவ்வூடு பரவல், இலங்கையில் பிரசாரணம். எனக்குச் சவ்வூடு பரவல்தான் பிடிக்கும். சவ்வு, ஊடு, பரவல் என்று பிரித்தாலே பாதிப் பாடம் நடந்துவிடுகிறது. அதனோடு மலாய்ப் பாடநூலின் சொல்லையும் பக்கத்தில் எழுதிக் கொடுத்துவிடுங்கள்; இடைநிலைப்பள்ளியில் பிள்ளை திகைக்கக் கூடாது.

அன்று மாலை விடைபெற்றபோது பையன் பெரிதாக ஒன்றும் சொல்லவில்லை. பாடத்தை விடுவதா வேண்டாமா என்பதையும் நான் கேட்கவில்லை. இரண்டு நாள் கழித்துப் புலனத்தில் ஒரு செய்தி வந்தது.

"சார், மழை நாள்ல மரத்துக்குத் தண்ணி நிறைய கிடைக்கும், வெயிலும் இல்ல. அப்ப அழுத்தம் இன்னும் கூடத்தானே இருக்கணும்? பாட்டிக்கு ஏன் மழை நாள்ல வேலை இல்ல?"

நல்ல கேள்வி. விடை எனக்குத் தெரியும். நனைந்த பட்டையில் பால் கோட்டில் நில்லாமல் மரமெங்கும் வழிந்து, மங்கில் மழைநீரோடு கலந்து வீணாகிவிடும். ஆனால் அதை நான் எழுதவில்லை. "பாட்டியிடம் கேள்" என்றுமட்டும் அனுப்பினேன்.